நாலு மணிக்கு மேல் யார் இருக்கிறார்கள்?



பள்ளி திறக்கும் மாதம் வந்துவிட்டது. சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று, ஷூ வாங்கியாயிற்று, நோட்டுகளுக்கு அட்டை போட்டாயிற்று, வேன்காரரிடம் வாடகையும் பேசியாயிற்று. இத்தனையும் முடிந்த பிறகு நம் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி மிச்சம் நிற்கும். பள்ளிக்கூடம் நாலு மணிவாக்கில் விட்டுவிடும். அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வீடு சேர ஆறு ஆகும், ஏழு ஆகும், சில நாள் ஒன்பதும் ஆகும். அதுவரை பிள்ளை யாரிடம் இருக்கும்?

எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று ஒரு வருடம் யோசிக்கிறோம். நாலு பேரிடம் விசாரிக்கிறோம், தேர்ச்சி விகிதம் பார்க்கிறோம், விண்ணப்பம் வாங்க வரிசையில் நிற்கிறோம். மாலை நேரத்துக்கான ஏற்பாட்டை மட்டும் மே மாதக் கடைசி வாரத்தில், "பக்கத்துல ஒரு டியூசன் இருக்குதுங்க, அங்க விட்டுக்கலாம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம். நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம், வருடம் முழுக்க ஒரு சிறு பிள்ளை இருக்கப்போகும் இடம் அது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இந்த இதழின் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன். பேச்சுக்கு ஓர் ஊர் வேண்டும். சென்னிமலையை எடுத்துக்கொள்கிறேன்.

சென்னிமலை என்றால் மலைமேல் முருகனும் கீழே பெட்ஷீட்டும். எம்.பி. நாச்சிமுத்து முன்னின்று வளர்த்த சென்டெக்ஸ் போன்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களால், இந்த ஊரின் போர்வையும் துண்டும் கால்மிதியும் எங்கெங்கோ போயின. அந்த நெசவு பெரும்பாலும் நடந்தது வீட்டுக்குள். அப்பா தறியில் இருப்பார். அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். அப்பத்தா திண்ணையில் நூலைப் பிரித்துக்கொண்டிருப்பார். பள்ளி விட்டு வரும் பிள்ளை பையை மூலையில் எறிந்ததும், தறியை நிறுத்தாமலேயே ஒரு குரல் கேட்கும்: "கை காலக் கழுவிட்டு வா கண்ணு, அடுப்படியில கடலக்கா வேகவெச்சிருக்குது."

அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. வீட்டிலிருந்த பிள்ளைகள் விளையாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. தார் சுற்ற உட்காரவைத்தார்கள், பாவு போடும்போது கூட நிற்கவைத்தார்கள், கூலி போதாத வீடுகளில் படிப்பையே நிறுத்தித் தறியில் ஏற்றினார்கள். அந்தத் தலைமுறை தன் பிள்ளையைத் தறிக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பியது பெரிய காரியம். ஆனால் அந்த வீட்டில் ஒன்று இருந்தது. வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், பிள்ளை வரும் நேரத்தில் யாராவது ஒருவர் அங்கே இருந்தார்.

வேலை தேடி இங்கிருந்து திருப்பூர் போவது புதிய கதை இல்லை. கொடிகாத்த குமரன் 1904-ல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான். திருப்பூருக்குப் போய் மில் ஒன்றில் வேலை பார்த்தவர். அன்று தனித்தனி ஆட்கள் போனார்கள். இன்று கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து கூட்டிக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் திருப்பூர் பனியன் கம்பெனிகள், இன்னொரு பக்கம் பெருந்துறை சிப்காட், சுற்றிலும் நூல் மில்களும் விசைத்தறிக் கூடங்களும். கைத்தறிக் கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் போனபோது ஆணும் பெண்ணும் சேர்ந்தே வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.

பனியன் கம்பெனிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட்; அதாவது இரவு எட்டரை வரை. அதற்கு மேல் பஸ் பிடித்து ஊர் வந்து சேரவேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் அந்த மணி நேரக் கூலி போயிற்று. சம்பளம் சனிக்கிழமை. பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறை, கம்பெனிக்கு இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நாம் பேசும்போது நாலு மணிக்கு மேல் என்று மட்டும் சொல்கிறோம். இங்கே சனிக்கிழமை முழுநாளும் அந்தக் கேள்விதான்.

தாத்தா பாட்டி இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் அப்பத்தாவுக்கு இன்று ஐம்பத்தைந்து வயது; அவரும் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகிறார். அம்மா வழி அமுச்சியும் அப்புச்சியும் காங்கேயத்திலோ வெள்ளகோவிலிலோ ஆடு மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களால் வர முடியாது, பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடவும் முடியாது. கூடவே இருக்கும் பெரியவருக்கு முட்டி வலி. ஏழு வயசுப் பையன் தெருவுக்கு ஓடினால் பின்னால் ஓடிப் பிடிக்க அவரால் ஆகாது.

சரி, சட்டமும் அரசும் இதில் என்ன செய்திருக்கின்றன? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளர்கள் 50 பேருக்கு மேல் இருக்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் சொன்னது. நல்ல சட்டங்கள். கட்டடம் கட்டும் இடங்களிலேயே தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தலாம் என்று 1969-ல் டெல்லியில் மீரா மகாதேவன் 'மொபைல் கிரஷஸ்' அமைப்பைத் தொடங்கிக் காட்டியதும் நம் நாட்டில்தான்.

ஆனால் தொழிற்சாலைச் சட்டம் பேசியது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பற்றி. அரசுத் திட்டத்தில் நடக்கும் காப்பகங்களும் ஆறு வயதோடு நின்றுவிடுகின்றன. அங்கன்வாடியும் அதற்குள் முடிந்துவிடுகிறது. ஆறாவது பிறந்தநாளோடு பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று யாரோ முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

தமிழ்நாடு பிள்ளைகள் நலனில் மற்ற மாநிலங்களைவிட ஒரு படி முன்னே போன மாநிலம் என்பதால்தான் கூடுதலாக உறுத்துகிறது. காமராஜர் காலத்தில், 1956-ல், மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது; அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. வேலைக்குப் போகும் தாய் காலையில் அடுப்போடு போராட வேண்டாம், மதியத்துக்கு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டோம். ஆனால் மாலை நாலு மணிக்குக் கதவு சாத்தப்படுகிறது. அதன்பிறகு பசித்தால், பயந்தால், கீழே விழுந்தால், அது அந்தந்த வீட்டின் பாடு.

அந்தந்த வீடு கண்டுபிடித்த வழிதான் டியூசன். இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு டியூசன்? "அ, ஆ" எழுதவா? இல்லை. பெற்றோர் வரும்வரை பத்திரமாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும், அதற்குத்தான். அதைச் சொல்லிக் கேட்க நமக்குக் கூச்சம். சொல்லி நடத்த டியூசன் அக்காவுக்கும் கூச்சம். ஆகவே இரு தரப்பும் படிப்பு என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். வைத்த பெயருக்காக அந்த அக்காவும் ஏதாவது படிக்கவைத்தே ஆகவேண்டும். ஆறு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளை, வெறும் வயிற்றோடு இன்னும் இரண்டரை மணி நேரம் வீட்டுப்பாடம் எழுதுகிறது. மாதக் கடைசியில் நாம் போய்க் கேட்பது என்ன? "ஏனுங்க, மேத்ஸ்ல மார்க் கொறஞ்சிருச்சே?" பிள்ளை அங்கே சிரித்ததா, சாப்பிட்டதா, யாரோடு சேர்ந்தது என்று கேட்கத் தோன்றுவதே இல்லை.

டியூசன் நடத்தும் பெண்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை நம் பக்கத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்களே அவர்கள்தான். அவர்களிடம் நாம் கேட்பது தவறான பொருள் என்கிறேன். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாலையில் முதலில் வேண்டியது பாடம் இல்லை. தன்னை எதிர்பார்த்து ஒரு பெரியவர் இருக்கிறார் என்ற நிச்சயம். அதன்பின் சாப்பாடு, விளையாட்டு, கொஞ்சம் ஓய்வு. இதெல்லாம் கிடைத்த பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அரை மணி நேர வேலை. ஆகவே நாலு மணிக்கு மேலான இடத்தைத் தேடும்போது பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், உள்ளே யார் இருக்கிறார் என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது.

சேர்க்கை பேசப் போகும் காலை நேரத்தில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வேலைநாளில் மாலை ஐந்தரைக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் களைத்து, சண்டை போட்டு, அம்மா எப்போது வருவாள் என்று கேட்கத் தொடங்கும் நேரம் அது. அழுகிற பிள்ளையிடம் அந்த அக்கா எப்படிப் பேசுகிறார்? மெதுவாக எழுதும் பிள்ளையை மற்றவர்கள் முன்னால் கேலி செய்கிறாரா? கையில் ஸ்கேல் இருக்கிறதா? நீங்கள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் சட்டென்று அடங்கிப்போனால் அது ஒழுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பயமில்லாத பிள்ளைகள் உங்களைப் பார்த்து, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்கும்.

எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள் என்று எண்ணுங்கள். முப்பது பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொண்டால், ஒரு பிள்ளை பாத்ரூம் போய் நெடுநேரம் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். பாத்ரூமையும் பாருங்கள், தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டுமா, தண்ணீர் வருமா? சுற்றி என்ன இருக்கிறது? மூடாத தொட்டி, கைப்பிடி இல்லாத மாடிப்படி, வாசலிலேயே லாரி போகும் சாலை. தறி ஓடும் வீடாக இருந்தால் மோட்டாரும் ஒயரும் எங்கே இருக்கின்றன?

அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல மனிதர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிள்ளைகள் இருக்கும் அறை கதவு திறந்த, எல்லார் கண்ணும் படுகிற அறையாக இருக்கவேண்டும். எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியறையில் இருக்கக்கூடாது. இதை ஒரு விதியாகவே பேசிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் குற்றம்தான். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் எண்ணுக்குக் கீழே இதையும் எழுதி, எதற்கு என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவையுங்கள்.

சாப்பாடு. காலையும் மதியமும் நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்கும் நாலேகாலுக்குப் பசிக்கும். அந்தப் பசிக்குத்தான் இன்று ஐந்து ரூபாய்ப் பாக்கெட் தின்பண்டங்கள் வியாபாரமாகின்றன. வேகவைத்த கடலைக்காய், சுண்டல், ஒரு வாழைப்பழம், மதியச் சோற்றில் ஒரு கை தயிர் விட்டுப் பிசைந்தது. இதற்குப் பெரிய செலவில்லை. அங்கேயே கொடுப்பார்களா, நீங்கள் கட்டித் தரவேண்டுமா என்று முதலிலேயே பேசுங்கள். பேசாமல் விட்டால் பிள்ளை அடுத்த பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

விளையாட்டு. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மணி நேரமாவது ஓடவிடும் இடமா? வீட்டுப்பாடத்தை விளக்கு வைத்த பின்பும் எழுதலாம், ஓட்டத்தை அப்படித் தள்ளிவைக்க முடியாது. சின்ன வாசல் போதும், பக்கத்துக் கோவில் மைதானம் போதும். "பிள்ளைக சத்தமே போடாதுங்க, டிவி போட்டு விட்டுருவேன்" என்று பெருமையாகச் சொல்லும் இடத்தைப் பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம், நேரம் தவறும் நாள்கள். ஒன்றரை ஷிப்ட் எப்போது வரும் என்று சூப்பர்வைசருக்கே மத்தியானம்தான் தெரியும். ஆகவே, ஆறு மணிக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒன்பதுக்குப் போய் நிற்பதைவிட, நேரமானால் என்ன செய்வது என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது. எட்டரைக்கு மேல் ஆனால் ராத்திரிச் சாப்பாடு அங்கேயா? அதற்குத் தனியாக எவ்வளவு? தூங்கிவிட்டால் யார் வந்து தூக்கிக்கொண்டு போவது? பிள்ளையை அழைத்துப்போக உரிமையுள்ள மூன்று பேரின் பெயரை எழுதி, போட்டோவோடு கொடுங்கள். அந்த மூவரைத் தவிர மாமாவே வந்தாலும் போனில் கேட்காமல் அனுப்பக்கூடாது. சில கம்பெனிகளில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் கம்பெனி ஆபீஸ் எண்ணையோ சூப்பர்வைசர் எண்ணையோ வாங்கிக் கொடுத்து வையுங்கள். ஐந்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் அந்த அக்கா யாரைக் கூப்பிடுவார்?

கூலி. இதைச் சொல்லாமல் விடமுடியாது. பிள்ளையின் பாதி நாளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மாதம் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பொங்கல் வாரத்தில் பிள்ளை வரவில்லை என்று அந்த வாரத்துப் பணத்தைக் கழிக்கிறோம். நம் கம்பெனி தீபாவளி லீவுக்குச் சம்பளம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? நேரத்துக்குக் காசு, லீவு நாளிலும் காசு, நேரமானால் கூடுதல் காசு என்று இருந்தால்தான் நல்லவர்கள் இந்த வேலையில் நிற்பார்கள். அடிக்கடி ஆள் மாறும் இடத்தில் பிள்ளைக்கு மனம் ஒட்டாது.

முடிவு செய்துவிட்டால் பள்ளி திறக்கும் நாளிலேயே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். புதுப் பள்ளி, புது டீச்சர், புது வேன், அதோடு புது வீடு என்றால் ஐந்து வயசுப் பிள்ளை எதைத்தான் தாங்கும்? விடுமுறையின் கடைசி நாள்களில் முதலில் நீங்களும் கூடவே உட்கார்ந்திருங்கள். அடுத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். பிறகு இரண்டு மணி நேரம். சேர்த்த பிறகு வீடு திரும்பும் வழியில் "என்ன படிச்சே?" என்று தொடங்காமல், "யாரோட வெளையாடுனே? என்ன தின்னே?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் அழுவது இயல்பு. பழகிய பிள்ளை திடீரென்று போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், படுக்கையை நனைத்தால், ஒருவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறினால், அது சோம்பேறித்தனம் இல்லை. அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டாவது உட்கார்ந்து கேளுங்கள்.

இனி, இடம் தேடாமலேயே பலர் செய்துவிடும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி. மூத்தது பெண்ணாக இருந்தால், "அக்கா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த அக்காவுக்கு ஒன்பது வயது. அவள் தம்பிக்கு முகம் கழுவி, பால் காய்ச்சி, கதவைத் தாழிட்டு, அம்மா வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விளையாடக் கூப்பிடும் தோழிகளிடம் வரமுடியாது என்கிறாள். அண்ணன் இருக்கும் வீட்டில் இதே பொறுப்பை நாம் அவனுக்குக் கொடுப்பதில்லை. பொறுப்பான பெண் என்று அவளை ஊரே மெச்சும். அவளும் பிள்ளைதான் என்பது அந்த மெச்சலில் மறந்துபோகும். கேஸ் அடுப்பும் பூட்டிய கதவும் ஒரு செல்போனும் இருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகளைத் தனியே விடுவது ஏற்பாடு ஆகாது.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை மாலையில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை ஊரும் உறவும் அம்மாவிடம் மட்டுமே கேட்கின்றன. ஷிப்ட் மாற்றிக் கேட்பது, அரை நாள் லீவு போடுவது, வேலையையே விடுவது எல்லாம் அவள் தலையில். விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்க்கும் அப்பா பகலில் தூங்கி எழும் நேரம் பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரம்தான். வாரத்தில் மூன்று நாள் மாலை அவர் பொறுப்பு என்றானால், டியூசன் தேடும் வேலையில் பாதி குறைந்துவிடும். சமைக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள். கடலைக்காய் வேகவைக்க உப்பும் தண்ணீரும் போதும்.

தனித்தனி வீடுகள் இப்படித் தேடுவது ஒரு பக்கம். ஊராகச் சேர்ந்து செய்ய முடியாதா? வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்வீடனில் பெற்றோர் வேலைக்கோ படிப்புக்கோ போகிறார்கள் என்றால், பள்ளி நேரத்துக்கு வெளியே அவர்களின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை உள்ளாட்சி தந்தாகவேண்டும். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்வரை. கட்டணமும் வருமானத்தைப் பொறுத்து, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு. ஜப்பானில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் தாங்களாகவே சேர்ந்து நடத்திவந்த பள்ளிக்குப் பிந்தைய காப்பகங்களை 1997-ல் சட்டம் ஏற்றுக்கொண்டது. தென்கொரியா 2024-லிருந்து, முதல் வகுப்பில் தொடங்கி, இரவு எட்டு மணி வரை பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டத்தை நடத்துகிறது.

அவையெல்லாம் பணக்கார நாடுகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாமே இதைப் பாதி செய்து பார்த்திருக்கிறோம். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் போல. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவரவர் தெருவிலேயே, திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பின்னாளில் மையங்கள் குறைந்தன. படிப்பு எவ்வளவு ஏறியது என்பதை அறிஞர்கள் அளக்கட்டும். தெருவுக்கு ஒருத்தி, மாலையில் பிள்ளைகளோடு உட்காரத் தயாராக இருக்கிறாள் என்பதை அந்தத் திட்டம் காட்டிவிட்டது. அவளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேட்பதற்கும், தகுந்த கூலி கொடுப்பதற்கும்தான் ஆள் வேண்டும்.

சென்னிமலை மாதிரி ஒரு பேரூராட்சியில் இதற்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இடம்: நாலரைக்குப் பூட்டப்படும் அரசுத் தொடக்கப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகள், வாசல், குழாய், கழிப்பறை. ஆள்: 1989-ல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து, விசாரித்து, பயிற்சி கொடுத்து எடுத்த இரண்டு பெண்கள். பணம்: இருபது பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14,000. அதே அளவு பணத்தை அந்த ஊரிலிருந்து பஸ் வைத்து ஆள் ஏற்றிப்போகும் கம்பெனிகள் பங்குபோட்டுக்கொண்டால் இரண்டு பேருக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்குச் சுண்டலும் வந்துவிடும். கம்பெனிக்கு இது தர்மம் இல்லை, லாபக் கணக்கு. பிள்ளை நினைப்பில் ஊசியைக் கையில் ஏற்றிக்கொள்ளும் தையல்காரியையும், பார்க்க ஆள் இல்லாமல் வேலையை விட்டு நின்றுவிடும் செக்கிங் பெண்ணையும் எந்த முதலாளிக்குத் தெரியாது?

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், ஒரே தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்து தொடங்கலாம். மூன்று வீட்டுக்கும் நம்பிக்கையான ஒருவர், பொதுவாக ஒரு தொகை, சனிக்கிழமைகளை மட்டும் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. தறி இருந்த காலத்தில் பாவு போடத் தெருவே சேர்ந்து நின்ற ஊர் இது. ஒரு வீட்டின் வேலையை ஊரின் வேலையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் புதிதாக முளைக்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும் அம்மாக்களே, இவ்வளவு படித்த பிறகு மனம் கனத்துவிட வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போவதால்தான் அந்தப் பிள்ளைக்குச் சீருடையும் நோட்டும் நாளைக்கு ஒரு கல்லூரியும். உங்களை நோக்கி நீட்டப்படும் விரலை ஊரை நோக்கித் திருப்பிவிடுங்கள். நாலு மணிக்கு மேல் என்ன ஏற்பாடு என்று பள்ளியில் கேளுங்கள், கம்பெனியில் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிற கவுன்சிலரிடம் கேளுங்கள்.

எங்களுக்கும் எழுதுங்கள். உங்கள் பிள்ளையை மாலையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள், எது சரியாக நடக்கிறது, எது நடக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். டியூசன் நடத்தும் அக்காக்களும் எழுதவேண்டும். அவர்கள் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்டதே இல்லை. வரும் கடிதங்களைத் தொகுத்து, பெயர் விவரம் எதுவும் இல்லாமல், அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். தெருவில் சேர்ந்து ஓர் ஏற்பாட்டை நடத்தும் வீடுகள் இருந்தால் அவசியம் தெரிவியுங்கள். நேரில் வந்து பார்த்து விரிவாக எழுதுகிறோம். மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துச் செய்ய உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்